ஆரின் ஹாஸ்கலின் மௌனம்

அமெரிக்காவின் தேசிய இசை எது என்று பண்டிதர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். ஜாஸ் என்கிறது ஒரு கூட்டம். கிடாரைத் தூக்கிக்கொண்டு வருகிறது இன்னொன்று. இரண்டுமே தவறு. கோடீஸ்வரனும் கூலிக்காரனும், பக்தனும் நாத்திகனும் ஒரே பொறுமையோடு கேட்கும் இசை அந்த நாட்டில் ஒன்றுதான்: தொலைபேசியில் காத்திருக்கும்போது காதில் ஒழுகுவது.

அந்த இசையின் மாமேதை ஓமஹா நகரத்து ஆரின் ஹாஸ்கல். ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்காக அவர் போட்ட புல்லாங்குழல் மெட்டில் நடுவே ஒரு மௌனம் வரும். மூச்சு இழுத்து விடும் நேரம்தான். மறுமுனையில் யாரோ போனை எடுத்துவிட்டார்கள் என்று நம்பி ஜனங்கள் "ஹலோ" என்பார்கள். உடனே குழல் மறுபடி தொடங்கும். நம்பிக்கையை இத்தனை மலிவாக விநியோகித்த கலைஞன் வேறு யார்?

அந்த நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மேலாளர் திருமதி ப்ரூயிட் கேக் வெட்டினார். "புகாரெல்லாம் பாதியாக் குறைஞ்சிருக்கு! கூப்பிடுறாங்க, பாட்டைக் கேக்குறாங்க, மனசு நிறைஞ்சு வெச்சிடுறாங்க. எப்படியோ லைன் கட்டாச்சுன்னா 'தீர்ந்தது'ன்னு போட்டுக்குவோம். ஆரின், நீங்க டாக்டர்யா!"

ஆரின் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த மாதமே அவர் மனைவி லூவானுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. விடிந்தால் போக வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னார்கள்: காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் இன்னும் வரவில்லை, மாலை ஐந்துக்குள் வாங்காவிட்டால் இனி வசந்த காலத்தில்தான்.

"நம்ம கம்பெனிதானே, கண்ணு. கவலைப்படாதே" என்று ஆரின் போனைச் சமையலறை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். குழல் எழுந்தது.

"ஐயையோ, யாரு பூனையைப் பிழியுறது?" என்றாள் லூவான்.

"அது ஒரு மாதிரி... சிம்பொனி."

மௌனம் வந்தது. லூவான் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள், தலைமுடியைக்கூடச் சரிசெய்தாள். "ஹலோ! என் பேரு லூவான்..."

குழல்.

மறுபடி மௌனம். மறுபடி நிமிர்ந்தாள். மறுபடி குழல். கடிகாரம் ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஆரின், அது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே உன் விரல் தாளம் போடுதே! உனக்கெப்படித் தெரியுது?"

ஆரின் விரலை மடக்கிக்கொண்டார்.

"என் வீட்டுக்காரர் பாட்டை லட்சம் பேர் கேக்குறாங்கன்னு சர்ச்சு பூரா பீத்திக்கிட்டு வந்தேனே. இதுதானாய்யா அது?"

"யாரும் பாதியில எழுந்து போறதில்லை" என்றார் அவர், ஈனக் குரலில்.

"எங்கே போவாங்க, பாவம்! பாட்டைக்கூட மன்னிச்சிடுவேன். நடுவுல சும்மா விட்டிருக்கியே, அது எதுக்கு?"

ஆரின் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மௌனம் வந்துவிட்டது. அவரே செய்த மௌனம். அதன் நீளம் தெரியும். உள்ளே ஒருவரும் இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் மேசைமேல் குனிந்து, "ஹலோ?" என்றார் மாமேதை.

குழல் பதில் சொன்னது.

லூவான் சிரித்தாள். சிரித்தால் இடுப்பு வலித்தது, வலியோடு சிரித்தாள். ஐந்தடித்தது. இணைப்பு தானாக அறுந்தது. போனில் ஒரு செய்தி மின்னியது: "உங்கள் பிரச்சினை தீர்ந்ததில் மகிழ்ச்சி."

திருமதி ப்ரூயிட் சொன்னது சரிதான், ஆரின் டாக்டரேதான். நிறுவனத்தைப் பொறுத்தவரை லூவானின் இடுப்பு அன்று மாலை ஐந்து மணிக்குப் பூரணமாகக் குணமாகிவிட்டது.

நாற்காலியை விட்டு எழத்தான் அவளால் முடியவில்லை.