ஓடி வந்த சர்க்கரை

எல்லாரும் சௌக்கியமா? முட்டி வலி, முதுகு வலியெல்லாம் எப்படி இருக்கிறது? சாப்பிட்டாகிவிட்டதா? சர்க்கரை பார்ப்பதற்காக வெறும் வயிற்றோடு இருப்பவர்கள் மட்டும் அசையாமல் ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். ஏன் அசையக் கூடாது என்பது போகப் போகத் தெரியும்.

ஜங்லிகாட் மேட்டில் இருக்கிற ஒரு லேபின் வாசலில் நல்லதம்பி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காலையில் லேட்டாகிவிட்டதே என்று மேட்டில் விறுவிறுவென்று ஏறி வந்து ரத்தம் கொடுத்தவர். சட்டை இன்னும் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"நூத்திப்பன்னெண்டு இருக்கு சார். வெறும் வயித்துல நூறுக்குள்ள இருக்கணும்," என்றாள் லேப் பெண் ப்ரியங்கா.

"நான் டீக்குக்கூட சக்கரை போடறதில்லம்மா."

"அது மெஷினுக்குத் தெரியாதே சார். வேற ஒரு நாள் வந்து திரும்பக் குடுங்க."

நல்லதம்பிக்கு வயது நாற்பத்தொன்பது. போர்ட் பிளேரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் ஸ்டோர் கீப்பர். அவருடைய ஸ்டோரிலிருந்து ஒரு பல்பு வெளியே போகவேண்டுமென்றால் இண்டென்ட் என்கிற கோரிக்கைச் சீட்டு வேண்டும், அதில் மூன்று கையெழுத்து வேண்டும், பழைய பல்பையும் கொண்டுவந்து காட்டவேண்டும். இருட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்த்துவிடலாம் என்று முடிவு செய்த செக்‌ஷன்கள் அந்த ஆபீஸில் உண்டு.

போன வாரம் ஒரு சர்க்குலர் வந்தது. நாற்பத்தைந்து தாண்டியவர்கள் எல்லாரும் உடம்பைப் பரிசோதித்து ரிப்போர்ட் கொடுக்கவேண்டும், அதைப் பார்த்துத்தான் புது போஸ்டிங் என்று. தெற்குக் கோடித் தீவில் இருக்கிற கேம்பல் பேயில் ஓர் இடம் காலியாக இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஹெட் கிளார்க் பாலசுப்பிரமணியம்தான் இரண்டையும் முடிச்சுப் போட்டார்.

"புரியுதா நல்லதம்பி? சீக்காளிய ஹெட் ஆபீஸ்ல வெச்சு என்ன பண்றது? கேம்பல் பேக்குத் தள்ளிடுவாங்க. அங்க வேலையும் கம்மி, ஒரு ஓரமா உக்காந்திருக்கலாம்."

"யாரு சார் சொன்னா?"

"இதெல்லாம் ஒருத்தர் சொல்லணுமா? நாமளா புரிஞ்சுக்கறதுதான்."

நல்லதம்பி புரிந்துகொண்டார். கேம்பல் பேக்குக் கப்பலில் போகவேண்டும். அவரோ, சாத்தமிலிருந்து எதிர்க்கரையில் இருக்கிற பாம்பூ ஃப்ளாட்டுக்குப் போகிற படகில் ஏறினாலே கைக்குட்டையை வாயில் வைத்துக்கொள்கிற ஆள். அதோடு, அவர் மனைவி புஷ்பா இப்போதுதான் ஜங்லிகாட்டில் தையல் கடை போட்டிருந்தாள். ஒரு வருஷமாக அலைந்து பிடித்த கடை. அதை விட்டுவிட்டு அவள் கூட வரமாட்டாள், வரச் சொல்லவும் அவருக்கு வாய் வராது. தனியாகப் போனால் அவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது.

ஆக, எப்படியாவது அந்த நூற்றுப்பன்னிரண்டை நூறுக்குள் கொண்டுவரவேண்டும்.

சாயங்காலம், தான் குடியிருக்கிற லம்பா லைனில் பக்கத்து வீட்டு மிக்கேலிடம் விஷயத்தைச் சொன்னார். மிக்கேல் தூத்துக்குடிக்காரர். படகு இன்ஜின் ரிப்பேர் பார்ப்பவர். உலகத்தில் எல்லாமே அவருக்கு இன்ஜின்தான். போன வருஷம் அவருடைய மாமியாருக்கு மூச்சுத் திணறல் வந்தபோதுகூட, ஏர் ஃபில்ட்டரைப் பார்க்கச் சொன்னார் என்று பேச்சு.

"இதுக்கா இப்பிடி முழிக்கீரு? சக்கரைன்னா என்னவே? டீசல். டேங்க்குல டீசல் கூட இருக்கு. வண்டிய ஓட்டுனா கொறையும். நிப்பாட்டி வெச்சுக்கிட்டு கொறையலையேன்னா எப்பிடிக் கொறையும்?"

"அப்ப ஓடணுங்கறீங்க."

"லேபுக்கே ஓடிப் போவும். போய்ச் சேருததுக்குள்ள டேங்க்கு காலி."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து, விடிந்ததும் நல்லதம்பி கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"வண்டில வாங்களேன், கால் வலிக்கும். நான் கொண்டு விடறேன்," என்றாள் புஷ்பா.

"உனக்கு இதெல்லாம் தெரியாது. டேங்க்கைக் காலி பண்ணணும்."

போர்ட் பிளேரில் தெரிந்த மனிதர் நடந்து போவதைப் பார்த்தால், ஸ்கூட்டரில் போகிறவர்கள் நிறுத்தாமல் போகமாட்டார்கள். ஓடுவதைப் பார்த்தால் சும்மா விடுவார்களா? முதலில் எலெக்ட்ரீஷியன் பிஸ்வாஸ் நிறுத்தி, உட்காரச் சொல்லிப் பின் சீட்டைத் தட்டினார்.

"அரே ஸ்டோர் பாபு, பைட்டோ, பைட்டோ. எங்கே இவ்ளோ ஜல்தி?"

"நஹி பாய், நான் சும்மா ஓடறேன்."

"சும்மா ஏன் ஓடணும்? ஸ்கூட்டர் கராப்?"

"ஸ்கூட்டர் நல்லாத்தான் இருக்கு பாய்."

"வீட்ல ஜக்டா?"

"சண்டையும் இல்ல."

பிஸ்வாஸ் நம்பவில்லை. கொஞ்ச தூரம் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே கூட வந்தார். அவர் போனதும் ஒரு ஆட்டோ. அது போனதும் ஆபீஸ் டிரைவர். ஒவ்வொருவருக்கும் ஓடிக்கொண்டே பதில் சொன்னதில் நல்லதம்பிக்கு இரட்டை மூச்சு வாங்கியது. அதே மூச்சோடு லேபில் கையை நீட்டினார்.

நூற்று முப்பத்தொன்று.

"ஏறிடுச்சே சார்," என்றாள் ப்ரியங்கா.

அன்று மத்தியானம் புஷ்பாவின் கடைக்கு ப்ளவுஸ் கொடுக்க வந்த பெண் ஒருத்தி, "ஸ்கூட்டரை வித்துட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். சாயங்காலம் வந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணன் காலங்காத்தால வீட்டை விட்டு ஓடினாராமே, திரும்பி வந்துட்டாரா?" என்றாள்.

"வந்துட்டாரு. இட்லிதான் மிச்சம் வெக்கல," என்றாள் புஷ்பா.

வீட்டுக்கு வந்ததும் அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே பேசினாள். "இன்னொரு தரம் நீங்க ஓடினீங்க, நான் கடைய மூடிட்டுக் கூடவே ஓடி வருவேன். பொண்டாட்டி வெரட்டிட்டு வர்றான்னாவது ஊரு சொல்லட்டும்."

நல்லதம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மிக்கேலைக் கேட்டார். "என்ன அண்ணாச்சி, கொறையும்னீங்க. கூடிடுச்சே."

மிக்கேல் யோசித்தார். இன்ஜின்காரர் தோற்றுப்போக முடியாது.

"நீரு ஐட்லிங்குல ஓட்டிருப்பீரு. வழியெல்லாம் நின்னு நின்னு பேசிட்டுல்லா போயிருக்கீரு? ஃபுல் த்ராட்டில் குடுக்கணும். அதுவும் போவ, புதுசா டீசல் ஊத்தக் கூடாது. ராத்திரி சாப்பிடாதீரும்."

அப்படியே செய்தார். ராத்திரிச் சோற்றை விட்டார். காலையில் பாகற்காய் ஜூஸ் குடிக்கலாமா என்று யோசித்து, வெறும் வயிறு கெட்டுவிடும் என்று அதையும் விட்டார். தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்க, மெயின் ரோட்டை விட்டுவிட்டு மீன் மார்க்கெட் பின்னால் இருக்கிற சந்து வழியாகப் போனார்.

தெரிந்த மனிதர்கள் யாரும் அந்தச் சந்தில் இல்லை. நாய்கள் இருந்தன. மீன் குடலுக்காகக் காத்திருந்த நாய்கள், விடிகாலையில் ஒரு மனிதர் ஃபுல் த்ராட்டிலில் வருவதைப் பார்த்ததும் எதையோ திருடிக்கொண்டு போகிறார் என்று முடிவு கட்டின. அதன்பிறகு நல்லதம்பிக்கு மிக்கேலின் யோசனையே தேவைப்படவில்லை. சந்து, படிக்கட்டு, மேடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏறி, லேப் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்து, ஒரு கையால் கதவைச் சாத்தி, இன்னொரு கையை நீட்டினார்.

"குத்தும்மா. சீக்கிரம் குத்து. சூடு ஆறதுக்குள்ள எடுத்துடு."

நூற்று ஐம்பத்து நாலு.

நல்லதம்பி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண்ணுக்கு முன்னால் கப்பல் ஆடியது. ரிப்போர்ட் கொடுக்க அந்த வாரத்தோடு கெடு முடிகிறது. ப்ரியங்காவுக்குப் பாவமாகப் போய், உள்ளே இருந்த டாக்டர் விஜயலட்சுமியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் மூன்று ரிப்போர்ட்டையும் பார்த்தார். பிறகு அவருடைய ஷூவைப் பார்த்தார்.

"எப்படி வந்தீங்க?"

"ஓடி வந்தேன் டாக்டர்."

"போன தடவை?"

"அப்பவும் ஓடித்தான். ஆனா கொஞ்சம் மெதுவா."

"மொத தடவை?"

"லேட்டாயிடுச்சுன்னு மேட்டுல வேகமா ஏறி வந்தேன்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ஸ்டோர் கீப்பர்."

"அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம். உடம்புலயும் ஸ்டோர் இருக்கு. தசைக்குள்ளயே கொஞ்சம் கையிருப்பு உண்டு, ஓட ஆரம்பிச்ச சில நொடியிலேயே அது தீந்துடும். அப்புறம் தசை தனக்குன்னு சேத்து வெச்சிருக்கற சர்க்கரைய எடுக்கும். நீங்க மெதுவா நடந்தீங்கன்னா, மூச்சுக் காத்து தாராளமா போகும், கொழுப்பும் சேந்து எரியும், உடம்பு பதறாது. ஆனா நீங்க தலைதெறிக்க ஓடறீங்க."

"நாய் தொரத்திச்சு டாக்டர்."

"இன்னும் விசேஷம். உடம்பு என்ன நினைக்கும்? உயிருக்கு ஆபத்துன்னு நினைக்கும். உடனே ஈரலுக்குத் தகவல் போகும். அங்க பெரிய ஸ்டோர் இருக்கு. கதவைத் தொறந்து சர்க்கரைய ரத்தத்துல கொட்டிடும். தசை எடுத்துக்கறதைவிட ஈரல் கொட்றது ஜாஸ்தி. அது கொட்ற நேரமாப் பாத்து நீங்க இங்க வந்து கைய நீட்றீங்க."

நல்லதம்பிக்கு இதில் ஒரு விஷயம் மட்டும் ஜீரணமாகவில்லை.

"இண்டென்ட் இல்லாமலா?"

"ஆமா."

"யாரு கையெழுத்துப் போடுவா?"

"யாரும் போடமாட்டாங்க. தேவைன்னு தோணினா அனுப்பிடும்."

"அப்புறம் ஸ்டாக் எப்படி டாக்டர் சரியாகும்? நேத்து ராத்திரி நான் சாப்பிடக்கூட இல்லையே."

"நீங்க சாப்பிடறப்ப சரியாகும். ராத்திரி ஏன் பட்டினி கிடந்தீங்க? ஒழுங்கா சாப்பிடுங்க."

"அப்ப நான் ஓடவே கூடாதா?"

"யாரு சொன்னா? தினம் நடங்க, முடிஞ்சா ஓடுங்க. போகப் போக சர்க்கரை கட்டுல இருக்க அதுதான் நல்லது. ரத்தம் குடுக்க வர்ற அன்னிக்கு மட்டும் ஓடி வராதீங்க. வண்டில வந்து, ஃபேனுக்குக் கீழ உக்காந்து, மூச்சு அடங்கினப்புறம் குடுங்க."

அடுத்த முறை புஷ்பாதான் ஸ்கூட்டரை ஓட்டினாள். பின்னால் நல்லதம்பி, கண்ணாடிச் சாமானை மடியில் வைத்திருப்பவர்போலத் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குழி பாத்துப் போ. குலுங்கினா ஈரல் முழிச்சுக்கும்."

"நான் மொத நாளே சொன்னேன், வண்டில வாங்கன்னு. கேட்டீங்களா?"

"நீ காரணம் சொல்லலையே."

"கால் வலிக்கும்னு சொன்னேனே, அது காரணம் இல்லையா?"

லேபில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தார். ப்ரியங்கா பேச்சுக் கொடுத்தபோதும் தலையை மட்டும் ஆட்டினார். அரை மணி கழித்துத்தான் கையை நீட்டினார். தொண்ணூற்று நாலு.

ப்ரியங்கா கொடுத்த ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று மத்தியானம் புஷ்பா கடையைச் சாத்திவிட்டு வந்து சூரை மீன் குழம்பு வைத்தாள். மிக்கேலுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று.

"பாத்தீரா, ஓடுனதுதான் வேலை செஞ்சிருக்கு. கொஞ்சம் லேட்டா," என்றார் மிக்கேல், மீனைப் பிய்த்துக்கொண்டே.

மறுநாள் ஆபீஸில் பெரிய அதிகாரி ரிப்போர்ட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். எழுந்து வந்து கை கொடுத்தார்.

"சபாஷ் நல்லதம்பி. பிரஷர் நார்மல், சுகர் நார்மல், எல்லாம் நார்மல். இந்த ஆபீஸ்ல வேற ஒருத்தரும் இப்படி இல்ல."

நல்லதம்பி தரையில் கால் பாவாமல் வெளியே வந்தார். ஹாலில் பாலசுப்பிரமணியம் வடை தின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை இருநூற்றுச் சொச்சம் என்று எல்லாருக்கும் தெரியும். பாவம், இந்த வயதில் கப்பலேறவேண்டும். நல்லதம்பி பக்கத்தில் போய் அவர் தோளில் கை வைத்தார்.

"மனசை விட்டுடாதீங்க சார். கேம்பல் பேயும் நல்ல ஊர்தான். காத்து சுத்தமா இருக்குமாம்."

"ரொம்ப நல்ல ஊரு," என்றார் பாலசுப்பிரமணியம், வடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நல்லதம்பி ஸ்டோருக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். புஷ்பாவுக்குப் போன் போட்டு, "இனிமே நம்மள யாரும் அசைக்க முடியாது. கடைக்கு இன்னொரு மெஷின் வாங்கிக்கோ," என்று சொல்லிவிட்டு வைத்தபோது, ஆபீஸ் அட்டெண்டர் அமுதம் வந்து வாசலில் நின்றாள்.

"சார், நைலான் கயிறு வேணும். நல்ல நீளமா."

"இண்டென்ட் எங்க?"

"பெரியவரு வாயால சொல்லி அனுப்பினாரு சார்."

"வாயால சொன்னா கயிறு வராது. எதுக்குக் கயிறு?"

"உங்க சாமான் கட்டறதுக்குத்தான் சார். கேம்பல் பே அவ்ளோ தூரம், அங்க ஒரு சீக்காளிய அனுப்பி ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது, நல்ல உடம்புக்காரரா ஒருத்தர் கெடைச்சா போதும்னுதான் பெரியவரு எல்லாரையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னதே."

உங்கள் வீட்டிலும் இப்படி விழுந்து புரண்டு பாஸாகி, அதனாலேயே மாட்டிக்கொண்டவர் யாராவது இருப்பார். யார், எதில் என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.