வாலில் ஒரு வட்டம்

“இந்த வலது ஓரத்தை மட்டும் இன்னொரு தடவை தேய்ச்சுடுங்க சார்,” என்றார் டீச்சர்.

டிக்கெட் பரிசோதகர் மேஜையில் கிடந்த தன் வேலையைக் குனிந்து பார்த்தார். நீலமும் பச்சையுமாக வெட்டிய கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் செம்பு டேப் சுற்றி, ஈயம் உருக்கிப் பற்றவைத்திருந்தார். வலது ஓரம் அவர் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. இடது ஓரம்தான் பல் போன சீப்பு மாதிரி இருந்தது.

“இடது பக்கம் இதைவிட மோசமா இருக்கே, அதைச் சொல்லலையே?”

“அது சட்டத்துக்குள்ள மறைஞ்சிடும் சார். வலது பக்கம்தான் மயிரிழை தப்பக்கூடாது.”

“ஏன்?”

டீச்சர் ஒரு கணம் தயங்கினார். “தப்பக்கூடாது. அவ்வளவுதான்,” என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

அந்த ஒரு கணம் பரிசோதகருக்குப் போதும். பணிக்காலம் முழுவதும் ரயிலில் டிக்கெட் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பயணி பையைத் துழாவுகிற வேகத்தை வைத்தே டிக்கெட் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். வேலை போன பிறகும் பழக்கம் போகவில்லை. தூக்கத்தில் மனைவியின் தோளைத் தட்டி, “எங்கே ஏறினீங்க?” என்று கேட்கிறார்.

வண்ணக் கண்ணாடி வகுப்பில் அவரைச் சேர்த்துவிட்டதே மனைவிதான். இதற்கு முன் தச்சு வகுப்புக்குப் போனார். ஆணிகளைக் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று சண்டை போட்டுத் திரும்பினார். வீணை வகுப்புக்குப் போனார். வாத்தியார் அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கிறார் என்று எழுந்து வந்துவிட்டார்.

“இந்தத் தடவையாவது ஒரு சாமானை முழுசா முடிச்சு வீட்டுக்குக் கொண்டு வாங்க,” என்றாள் மனைவி. “இதுலயும் சண்டை போட்டுட்டு வந்தீங்கன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போய் இருந்துக்கிறேன். நாள் பூரா என்னை விசாரிக்கிறதுக்கு நான் என்ன டிக்கெட் இல்லாமலா வந்தேன் இந்த வீட்டுக்கு?”

அவள் சொன்னதைச் செய்கிறவள். அதனால் பரிசோதகர் பொறுமையாக இருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். முதல் வகுப்புக்கு மட்டும் உள்ளே போகவில்லை. எதிர்க்கடை வாசலில் நின்று, யார் யார் போகிறார்கள், எப்படிப்பட்டவர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சண்டை என்று சொல்ல முடியாது.

இப்போது அவர் பார்வை வலது பக்கத்து மேஜைக்குப் போயிற்று. அது பல் டாக்டரம்மாவின் மேஜை. அங்கே ஒரு மரக்கிளை ஓடியது. பரிசோதகரின் கண்ணாடிப் பலகையிலும் ஒரு கிளை உண்டு. வலது ஓரத்தில் வந்து வெட்டுப்பட்டு நிற்கும். டாக்டரம்மாவின் கிளை இடது ஓரத்தில் தொடங்கியது. இரண்டும் ஒரே உயரம், ஒரே பழுப்பு.

இதுவரை ஏதோ இலை என்று நினைத்துத் தான் ஒட்டி வைத்திருந்த நீலத் துண்டுகளை அவர் மறுபடி பார்த்தார். அது இலை இல்லை. ஒரு பறவையின் வால். பறவையின் தலை டாக்டரம்மாவிடம் இருந்தது.

தேநீர் இடைவேளையில் எல்லோரும் வெளியே போனதும் அவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் மேஜைக்குப் போனார். விளிம்பைப் படியெடுத்துத் தன்னுடையதோடு பொருத்திப் பார்ப்பதுதான் திட்டம். பாதி வரைந்தபோது முழங்கை பட்டு, இன்னும் பற்றவைக்காத பறவையின் மஞ்சள் மூக்கு தரையில் விழுந்தது. இரண்டு துண்டு.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. மூக்கைச் சட்டென்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அது சட்டையையும் கிழித்து, எடுக்கப் போன விரலையும் கிழித்தது.

“என்ன சார் ரத்தம்?” என்றார் டாக்டரம்மா.

“தேய்க்கிற மெஷின்ல பட்டுடுச்சு.”

“காட்டுங்க. கையை இறுக்கி மூடிக்காதீங்க, திறங்க. இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க,” என்று தொழில் பழக்கத்தில் சொல்லிக்கொண்டே கட்டுப் போட்டார். பிறகு தன் மேஜையைப் பார்த்தார். “என் மூக்கு எங்கே?”

எல்லோரும் தேடினார்கள். மேஜைக்கு அடியில், குப்பைக் கூடையில், துடைக்கிற துணிக்குள். கிடைக்கவில்லை.

“தானாவா பறந்து போகும்?” என்றார் தையல்காரர். வகுப்பில் வேகமாக வேலை செய்கிறவர் அவர்தான். துணியைப் போலவே கண்ணாடியையும் ஒரே இழுப்பில் வெட்டுவார்.

“சார் இருக்கும்போது நமக்கு என்ன கவலை,” என்றார் டாக்டரம்மா. “எத்தனை திருடனைப் பிடிச்சிருப்பார். நீங்களே விசாரிங்க சார்.”

பரிசோதகர் விசாரித்தார். வேறு வழியில்லை. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, இடைவேளையில் எங்கே நின்றார்கள் என்று கேட்டார். வகுப்பில் மீதி இரண்டு பேர் அக்கா தங்கை. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். அதுவரை ஒற்றுமையாக இருந்தவர்கள் அன்றைக்கு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

வீட்டில் மனைவி விரல் கட்டைப் பார்த்தாள். சட்டைப்பைக் கிழிசலையும் பார்த்தாள்.

“சண்டையா?”

“இல்லை.”

“மாடிப்படியில பார்த்து ஏறுங்க. நீங்க ஜன்னல்ல அட்டை அடிச்சதுலேர்ந்து ஒண்ணும் தெரியலை. இருட்டுல நான்தான் என்னிக்காவது உருண்டு விழப்போறேன்.”

“அட்டை இல்லைன்னா பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்ப்பான். ஏணியை நம்ம சுவர்ல சாத்தி வச்சிருந்ததை என் கண்ணால பார்த்தேன். ஏணி எதுக்கு?”

மனைவி எதையோ சொல்ல வாயெடுத்து, சிரித்து, அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

அடுத்த வகுப்புக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ப் புது மூக்கு ஒன்றை வெட்டினார். அவருக்குக் கொடுத்த கண்ணாடியில் மஞ்சள் இல்லை. தையல்காரர் பங்குக்குப் பூக்கள் இருந்தன. அவருடைய கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சளை எடுத்துக்கொண்டார். மூக்கு சற்றுப் பெரிதாகப் போய்விட்டது. பறவைக்கு ஜலதோஷம் பிடித்தது போல் தெரிந்தது. அதை டாக்டரம்மாவின் மேஜையில் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டார்.

“மூக்கு திரும்பி வந்துடுச்சு,” என்றார் டாக்டரம்மா. “ஆனா இது என் மூக்கு இல்லையே.”

“என் மஞ்சள் ஒண்ணைக் காணோம்,” என்றார் தையல்காரர், மூக்கை உற்றுப் பார்த்தபடி.

“அப்ப நீங்கதானா?”

“நான் எடுத்திருந்தா இவ்வளவு கோணலாவா வெட்டுவேன்? சார், உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?”

எல்லோரும் பரிசோதகரைப் பார்த்தார்கள். கட்டுப் போட்ட விரல் மேஜை மேல் கிடந்தது. டீச்சரும் அதைத்தான் பார்க்கிறாரோ என்று தோன்றியது. தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. பெரிய திருட்டைக் காட்டினால் சின்னதை மறந்துவிடுவார்கள்.

அவர் எழுந்து நின்றார். “மூக்கை விடுங்க. இங்கே அதைவிடப் பெரிய விஷயம் நடக்குது. எல்லாரும் அவங்கவங்க பலகையை இந்தப் பெரிய மேஜைக்குக் கொண்டு வாங்க.”

கொண்டு வந்தார்கள். அவர் ஒவ்வொன்றாக நகர்த்திச் சேர்த்தார். கிளையோடு கிளை சேர்ந்தது. வாலோடு உடல் சேர்ந்தது. பூக்கள் மேலே போயின. அக்கா தங்கை செய்த தண்ணீர் கீழே ஓடியது. ஒரு பெரிய ஜன்னல் கண் முன்னே கிடந்தது.

“பார்த்தீங்களா?” என்றார். “பயிற்சி பயிற்சின்னு நம்மளை வச்சு வேலை வாங்கி, யாரோ ஒருத்தர் வீட்டுக்கு ஜன்னல் தயாராகுது. வலது ஓரம் மயிரிழை தப்பக்கூடாதாம். ஏன்னு இப்பப் புரியுதா?”

யாரும் அதிரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கை அக்காவின் கையைக் கிள்ளினார். அன்றைக்குத்தான் மறுபடி பேச ஆரம்பித்திருந்தார்கள்.

“அது தெரிஞ்சதுதானே சார்,” என்றார் தையல்காரர். “முதல் நாளே பேசி முடிச்சாச்சே. நீங்கதான் அன்னிக்கு வரலை.”

“யார் வீட்டுக்குப் போகுது?”

தையல்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஈயக் கம்பியைப் பார்த்தார். டாக்டரம்மா இருமினார்.

“முடிஞ்சதும் தானாத் தெரியும் சார்,” என்றார் டீச்சர்.

எல்லோரையும் முதல் நாளே விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்பது பரிசோதகருக்கு உறுதியாயிற்று. எழுந்து வெளியே போய்விடலாம். போனால் மனைவி அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். சண்டை போடாமல், வகுப்பையும் விடாமல், குற்றவாளியைப் பிடிக்க வேண்டும்.

அதற்கு அவர் தொழிலே வழி சொன்னது. டிக்கெட்டில் துளை போட்டுவிட்டால் அது எங்கே போனாலும் அடையாளம் தெரியும். அவர் பறவை வாலின் நடுவிலிருந்து ஒரு நீலத் துண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நிறமே இல்லாத சாதாரணக் கண்ணாடியை வட்டமாக வெட்டி வைத்தார். வகுப்பில் அவர் வெட்டியவற்றிலேயே அதுதான் அழகாக வந்தது.

டீச்சர் அதைக் கவனித்தார். “இந்த இடத்துலயா சார்? யோசிச்சுச் சொல்லுங்க. கலர் இல்லாத கண்ணாடி வச்சா அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு உள்ளே எல்லாம் தெரியும்.”

“தெரியட்டும்.”

“நிச்சயமா?”

“எனக்கு அது வேணும்.”

“சரி. உங்களுக்கே ஆட்சேபணை இல்லைன்னா எங்களுக்கு என்ன,” என்று டீச்சர் பெருமூச்சு விட்டார். தன் மிரட்டலுக்குப் பணிந்துவிட்டார் என்று பரிசோதகர் எடுத்துக்கொண்டார்.

கடைசி வகுப்பன்று தச்சர் வந்து எல்லாப் பலகைகளையும் ஒரே மரச்சட்டத்தில் பொருத்தினார். வெயிலில் தூக்கி நிறுத்தியபோது பரிசோதகர் தன் பங்கைத்தான் முதலில் தேடினார். வால் நன்றாக வந்திருந்தது. தலையைவிட வால்தான் நன்றாக வந்திருந்தது.

“நீங்க சீக்கிரம் வீட்டுக்குப் போங்க சார்,” என்றார் டீச்சர்.

“ஆமா சார், கிளம்புங்க,” என்றார் டாக்டரம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

துரத்துகிறார்கள். பரிசோதகர் விடைபெற்றுக்கொண்டு தெருமுனையில் ஸ்கூட்டரோடு ஒதுங்கி நின்றார். ஜன்னலை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியதும் பின்னாலேயே போனார்.

வேன் பேக்கரியைத் தாண்டித் திரும்பியது. அவர் வீட்டுக்குப் போகிற வழி. பூங்காவைச் சுற்றியது. அதுவும் அவர் வழிதான். பின்தொடர்வது தெரிந்து டிரைவர் தன்னைக் குழப்பப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டார். பிறகு அவருடைய தெருவிலேயே நுழைந்து, பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. அவர் வீட்டு வாசலில் எந்த வண்டியும் நிற்க முடியாது. யாரும் நிறுத்தக்கூடாது என்று அவரே பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்.

பரிசோதகருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏணி. எட்டிப் பார்த்தல். இப்போது இது.

பக்கத்து வீட்டுக்காரர் செய்தித்தாளும் கையுமாக வெளியே வந்தார். தச்சரும் உதவியாளரும் ஜன்னலை இறக்கி வேனில் சாய்த்து நிறுத்தினார்கள்.

“நினைச்சேன்,” என்றார் பரிசோதகர். “நீங்கதான்னு நினைச்சேன்.”

“என்ன சார்?”

“அஞ்சு பேரோட உழைப்பு இது. ஏமாத்தி வாங்கினது. எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நீங்க சொல்ல முடியாது. அடையாளம் வச்சிருக்கேன். அந்த வாலைப் பாருங்க. நடுவுல வட்டம் தெரியுதா? அது நான் போட்டது. எங்கே போனாலும் பிடிப்பேன்.”

சத்தம் கேட்டு அவர் மனைவி மாடிப்படி ஜன்னலின் அட்டையைப் பிய்த்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கீழே நிற்பவரைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்தார். நிதானமாகக் குனிந்து, வட்டத்தில் ஒரு கண்ணை வைத்து, பரிசோதகரின் வீட்டை இடமிருந்து வலமாகப் பார்த்தார்.

“முதல் நாள் வகுப்புல போட்ட குலுக்கல்ல உங்க பேர் விழுந்து, இது உங்க மாடிப்படி ஜன்னலுக்குத்தான் வந்திருக்கு சார்,” என்றார் அவர். “அளவெடுக்க வந்தவங்களுக்கு ஏணி கொடுத்ததே நான்தான், ஆனா நான் பார்க்கிறதுக்குன்னு நீங்களே தனியா ஒரு ஓட்டை வச்சுக் கொடுப்பீங்கன்னு எதிர்பார்க்கலை.”