எலி மூளையைத் தோட்டத்துக்குப் பங்கு வைத்தேன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு எனக்குப் புத்தி கெட்டது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், அப்போது நான் மாதா கோவில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி கூலிம் அச்சகக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். (பூசை நடுவில்தான். ஆண்டவர் மன்னிக்கட்டும்.)

யார் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், கூலிமுக்கும் செர்டாங்குக்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். என் வீட்டுக்காரர் தோட்டத்து மருந்தகத்தில் காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டுகிற டிரசர். எங்கள் ஒரே மகள் விமலா வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பியிருந்தாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. எலி மூளையில் ஒரு நரம்பு பக்கத்து நரம்புக்குச் சேதி அனுப்பும் இடத்தில் ஒரு புரதம் இருக்கிறதாம். அது என்ன வேலை செய்கிறது என்று நான்கு வருடம் உட்கார்ந்து பார்த்தவள். (நான்கு வருடம் பார்த்த பிறகும், "ஓரளவுக்குத் தெரியும்மா" என்றுதான் சொன்னாள்.) அதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை பெரிய விஞ்ஞான சஞ்சிகை ஒன்றில் வந்திருந்தது.

கட்டுரை வந்தால் போதும் என்று நினைத்தேன். போதாதாம். ஒருவர் எழுதியதை இன்னொரு விஞ்ஞானி தன் கட்டுரையில், "இன்னார் இப்படிச் சொல்லியிருக்கிறார்" என்று குறிப்பிட வேண்டும். யாரை எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்பதைக் கணக்கெடுத்து, எறும்பு எழுத்தில் தலையணை கனத்துக்குப் புத்தகமே போடுகிறார்கள். பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் விமலா தற்காலிக விரிவுரையாளராக இருந்தாள். வேலையை நிரந்தரமாக்கக் கேட்டபோது துறைத் தலைவர் அந்தப் புத்தகத்தைத்தான் திறந்தார். விமலாவின் பெயருக்கு நேராக இரண்டே இரண்டு குறிப்புகள். ஒன்று, அவளே தன்னைக் குறிப்பிட்டுக்கொண்டது. மற்றொன்று, அவள் சொன்னது தப்பு என்று வேறொருவர் எழுதியது.

"அடுத்த வியாழக்கிழமை நம்ம மாநாட்டுக்குப் பத்து நாட்டு ஆட்கள் வர்றாங்க. உங்களைத் தேடி யார் வர்றாங்கன்னு பார்ப்போம். அப்புறம் வேலையைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டாராம்.

அந்த வியாழனுக்காகத்தான் விமலா ஒரு அட்டைப்பெட்டியைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். அவளுடைய கட்டுரையை மட்டும் வழவழப்பான தாளில் தனியாக அச்சடித்து, ஓரத்தில் கம்பி குத்தி, சஞ்சிகைக்காரர்கள் அனுப்பிய நூறு பிரதிகள். கப்பலில் வந்து சேர மூன்று மாதம் ஆனது. "நிறைய பேர் கையில இது போகணும்மா. கையில இருந்தாத்தான் படிப்பாங்க, படிச்சாத்தான் குறிப்பிடுவாங்க" என்று அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். இந்த வாக்கியத்தைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் தரப்பில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

இனி அந்த ஞாயிறு. எங்கள் தோட்டத்துக் கோவிலுக்குப் பாதர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். விமலாவின் பட்டத்துக்காக நன்றிப் பூசை கேட்டிருந்தேன். அன்றைக்கென்று பார்த்து அவளுக்குக் கோலாலம்பூரில் வேலை. பாதர் தேதியை மாற்ற முடியாது, மகளையும் மாற்ற முடியாது. மகள் இல்லாமலே பூசையை வைத்துவிட்டேன்.

எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்குப் புதுநன்மையோ சாமியாருக்குக் குருப்பட்டமோ, பூசை முடிந்ததும் பெயர் அச்சடித்த ஞாபகப் படம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த பூசை வரைக்கும் அதைத்தான் பேசுவார்கள். கூலிம் அச்சகத்தில் நூறு படத்துக்குச் சொல்லி வைத்திருந்தேன். சனிக்கிழமை பஸ்ஸில் அனுப்புகிறேன் என்றவர் அனுப்பவில்லை. ஒன்பது மணி பத்து நிமிடம். பாதர் கடைசி ஆசீர் கொடுக்கப் போகிறார். வாசலில் சனம் இப்போதே வரிசை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. அப்போது என் மூளையில் ஒரு நரம்பு பக்கத்து நரம்புக்குச் சேதி அனுப்பியது.

கட்டிலுக்கடியில் நூறு இருக்கிறதே! என் மகள் பெயர் போட்டது, வழவழப்பானது, உள்ளே படமும் உண்டு. ஒரே விஷயத்தை நூறு பிரதி அச்சடித்து வைத்திருப்பது கொடுப்பதற்கில்லாமல் வேறு எதற்கு?

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். நான் பெட்டியோடு திரும்பியபோது பாதர் முகத்தில் லேசான சந்தேகம் வந்தது. ஆனாலும் தீர்த்தம் தெளித்தார். கிறிஸ்தவர், இந்து என்று பார்க்காமல் வந்த எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று. சிலருக்கு இரண்டு, வராத மாமியாருக்காக. பத்து நிமிடத்தில் பெட்டி காலி. எனக்கு அப்படி ஒரு பெருமை.

திங்கட்கிழமை மதியம் விமலா வந்தாள். கட்டிலுக்கடியில் குனிந்தாள். நிமிரவே இல்லை.

"அம்மா, பெட்டி எங்கே?"

"குடுத்துட்டேன்மா. நீதானே நிறைய பேர் கையில போகணும்னு சொன்ன?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "ஒன்னுகூட மிச்சம் வைக்கலியா? உன் கைராசிய நான் கல்யாணத்தன்னைக்கே பார்த்திருக்கணும்" என்றார். (முப்பது வருடமாக எந்தச் சண்டையிலும் கல்யாணத்தை இழுக்காமல் அவரால் முடிக்க முடிந்ததில்லை.)

உடனே கூலிம் டவுனுக்குப் போய், அவள் கைப்பையில் கிடந்த ஒரே பிரதியைக் கொடுத்துப் போட்டோஸ்டாட் எடுத்துப் பார்த்தோம். எழுத்து நன்றாக வந்தது. படங்கள்தான் தோசைக்கல்லைப் போலக் கறுப்பாக வந்தன. "ஆராய்ச்சியே அந்தப் படத்துலதாம்மா இருக்கு" என்றாள். திரும்ப அச்சடித்து வரக் கப்பல் மூன்று மாதம். வியாழனுக்கு இடையில் இரண்டே நாள். ஆகவே அம்மாவும் மகளும் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகக் கிளம்பினோம், கொடுத்ததைத் திரும்பக் கேட்க.

முதலில் ரோசம்மாள் வீடு. எலி மூளையைக் குறுக்காக வெட்டி எடுத்த படத்தைக் கஞ்சி தடவி, சேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது.

"அது எலியோட மூளை ரோசம்மா" என்றேன்.

"எதுவா இருந்தா என்ன டீச்சர், பாதர் தீர்த்தம் தெளிச்சதுதானே? நேத்துலேர்ந்து முட்டிவலி குறைஞ்சிருக்கு. குடுத்ததத் திருப்பிக் கேக்குறீங்களே, கல்யாண வீட்டுல குடுத்த லட்டையும் கேப்பீங்களா?"

வெறுங்கையோடு வெளியே வந்தோம்.

அடுத்து முனியாண்டி அண்ணன். ரப்பர் பால் ஸ்டோர் வாசலில் வடை விற்கிறவர். தன்னுடைய பிரதியோடு, பக்கத்து வீட்டுப் பிரதிகளையும் கேட்டு வாங்கி வைத்திருந்தார். எட்டில் மூன்று ஏற்கெனவே வடையோடு போய்விட்டன. மிச்சம் ஐந்தையும் ஒரு முறைப்போடு நீட்டினார்.

"எடுத்துட்டுப் போங்க. இது ஒரு பேப்பரா? வழவழன்னு இருக்கு, எண்ணெய்யவே இழுக்க மாட்டேங்குது. வாங்குறவன் சட்டையெல்லாம் வீணாப் போச்சு. அடுத்த தடவையாச்சும் நல்ல பேப்பர்ல எழுதுமா."

"சரிண்ணே" என்றாள் விமலா.

மண்டோர் ஆரோக்கியம், தோட்டத்தில் இருபது பேரை மேய்க்கிறவர், கட்டுரையைப் படித்தே இருந்தார். குறைந்தபட்சம் தலைப்பில் எலி என்று இருந்ததைக் கண்டுபிடித்திருந்தார். "முழுக்கத் தேடிட்டேன்மா, என்ன மருந்து வைக்கணும்னு எங்கயுமே போடலியே? எலிதான் வேணும்னா என்னைக் கேட்டிருந்தா பத்துப் புடிச்சுக் குடுத்திருப்பேன்லா. இதுக்காகவா சீமைக்குப் போன?"

விமலாவின் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

கடைசி லயத்தில் இருந்த சரசு மட்டும் கையைப் பிசைந்தாள். பெண்டாங்கில் இருக்கும் தங்கச்சிக்குக் காலையிலேயே தபாலில் அனுப்பிவிட்டாளாம். "தங்கச்சி மகளுக்கு அடிக்கடி வலிப்பு வருது டீச்சர். மூளையப் பத்தி நம்ம விமலா எழுதினதுன்னாங்க. ஒத்தாசையா இருக்கும்னு..."

அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்த விமலா அங்கே உட்கார்ந்துவிட்டாள். வலிப்பு எப்படி வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டாள். "அக்கா, நான் எழுதினதப் படிச்சு வலிப்பு நிக்காது. பிள்ளையப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. என்ன சொல்லணும்னு நான் எழுதித் தர்றேன்" என்று ஒரு தாளில் மலாயில் எழுதிக் கொடுத்தாள். அந்தப் பிரதியை மட்டும் அவள் திரும்பக் கேட்கவில்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அலைந்ததில் தேறியவை நாற்பத்தொன்று. ஓரளவு வெளியே காட்டக்கூடியவை இருபத்தாறு. மற்றவற்றில் ஒன்றில் பிள்ளைகள் எலிக்கு மீசை வரைந்திருந்தார்கள். ஒன்றைப் பாடப்புத்தகத்துக்கு அட்டையாகப் போட்டு, மேலே "மூன்றாம் ஆண்டு கணிதம்" என்று எழுதியிருந்தது. (என் மாணவன்தான். கையெழுத்து நன்றாக இருந்தது.)

வியாழக்கிழமை பிராயச்சித்தமாகப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். பஸ், பெர்ரி, அப்புறம் பினாங்கில் ஒரு பெரிய ஓட்டல். நீளமான கூடம், ஆளுக்கொரு மேசை. மற்றவர்களின் பிரதிகள் இஸ்திரி போட்ட சட்டைபோல அடுக்கியிருந்தன. எங்கள் மேசையிலிருந்து மெழுகு, ஊதுபத்தி, உளுந்துவடை மூன்றும் சேர்ந்து மணந்தன. விமலா நல்லவற்றை மேலே வைத்தாள். மூன்றாவதிலிருந்தே நல்லவை இல்லை.

காலை முழுக்க யாரும் வரவில்லை. தேநீர் மேசைக்குப் போகிற வழி என்பதால் எல்லாரும் எங்களைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவர் நின்றார். விமலா எழுந்தாள். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் போனார். துறைத் தலைவர் தூரத்தில் இருந்து இரண்டு தடவை பார்த்தார். நான் மூலையில் உட்கார்ந்து செபமாலையை மூன்று சுற்று முடித்தேன். மாதாவுக்கே அலுத்திருக்கும்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் இந்தக் கதை ஓயவில்லை. விமலா புதிதாக எது எழுதினாலும் என் மருமகன், "கட்டிலுக்கடியில வைக்காதே, அத்தை கண்ணுல பட்டா பாதர் வந்துடுவாரு" என்பார். தோட்டத்தில் யாராவது எதையாவது கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்டால், "என்னா, டீச்சர் வீட்டு எலியா?" என்கிறார்கள். சிரிக்கிறேன். ஆனால் எங்கே அட்டைப்பெட்டியைப் பார்த்தாலும் இன்னும் மேலே யார் பெயர் போட்டிருக்கிறது என்று இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் தொடுகிறேன். அன்றைக்கு மூன்று மணி வரைக்கும் எங்கள் மேசையில் ஒரு பிரதிகூடக் குறையவில்லை.

மூன்றரைக்கு ஒருவர் வந்தார். ஒல்லியான வெள்ளைக்கார அம்மா, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். அவருடைய தேநீர்க் கோப்பையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே துறைத் தலைவர். அந்த அம்மா விமலாவின் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார். மேசையிலிருந்து ஒரு பிரதியை எடுத்தார். மெழுகை நகத்தால் சுரண்டினார். முகர்ந்தும் பார்த்தார்.

"இது என்ன?"

விமலா என்னைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் நான் எழுந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பூசை, வரிசை, வடை, எதையும் விடவில்லை. அவர் சிரிக்கவில்லை. கடைசி வரை கேட்டுவிட்டுத் துறைத் தலைவரின் பக்கம் திரும்பினார்.

"எங்கள் நூலகத்தில் இந்தப் பெண்ணின் கட்டுரை இருந்த பக்கங்களை மட்டும் யாரோ பிளேடு போட்டு அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏழு வாரமாகத் தேடுகிறேன். என் ஆய்வகத்தில் பதினொரு பேர், அதனால் பதினொன்று எடுத்துக்கொள்கிறேன். எண்ணெய் பட்டதாக இன்னொன்று கொடுங்கள், அறுத்தவன் என் கையில் சிக்கினால் அவனுக்கு."