பட்டைத் தண்ணீரில் முப்பத்திரண்டு பற்கள்

தபால்காரரைக் கண்டால் இன்றும் நான் எழுந்து வாசலுக்கு ஓடுவேன். காரணம், முப்பத்திரண்டு பற்கள். (என்னுடையவை அல்ல. எனக்கு அவ்வளவு மிச்சமில்லை.)

என் மகன் தேவராஜ் கல்கத்தாவில் பல் வைத்தியம் படித்தான். பல்லின் அமைப்பைப் பற்றிய பரீட்சைக்குப் பிடுங்கிய மனிதப் பற்கள் முப்பத்திரண்டும் கொண்டுபோக வேண்டும். லீவில் வந்தவன், வேலூர் லாங் பஜாரில் பல் பிடுங்குகிறவரிடம் நடையாய் நடந்து சேர்த்தான். சேர்த்ததை ஒரு பாட்டிலில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, திமிரியில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போனான்.

பல்லில் ஒட்டியிருந்த சதையைப் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்கத்தா போவதற்குள் அழுகிவிட்டால்? பரீட்சையிலிருந்தே பையனைத் துரத்திவிட்டால்? அழுகாமல் காப்பது எப்படி என்று எனக்கா தெரியாது? (ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்கில் இருபது வருஷ சர்வீஸ்!) பற்களைத் துணியில் முடிந்து, ஆவாரம்பட்டை ஊறும் தொட்டியில் தொங்கவிட்டேன். ஆட்டுத்தோலுக்குச் செய்கிற அதே மரியாதை. நாலு நாள்.

தேவராஜ் ரயிலுக்குப் புறப்படும் காலையில் முடிச்சை அவிழ்த்தேன். வேரெல்லாம் செருப்பு நிறம்.

"நைனா, இன்னா இது?"

"பதம் பண்ணேன்பா. இனிமே கெடாது."

"பல்லா, பூட்ஸா?" என்றாள் என் மனைவி. "நம்பிக் குடுத்துட்டுப் போனா, தோலாக்கி வெச்சிருக்காரே மனுஷன்!"

வேறு பல் தேட நேரமில்லை. தேவராஜ் அதையே பாட்டிலில் போட்டுக்கொண்டு ரயிலேறினான். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் கடிதமே இல்லை. நான் தினம் இரண்டு தடவை தபாலாபீசுக்கு ஓடினேன். தபால்காரர் என்னைக் கண்டால் சந்து மாறினார். "வந்தா நானே ஓடியாந்து குடுக்கறேன் சாமி, பேஜார் பண்ணாதீங்க!"

கடைசியில் வந்தது. பரீட்சை நடத்தியவர், "இந்த ஆசாமி எத்தனை வருஷம் வெற்றிலை போட்டார்?" என்று கேட்டாராம். இவன் உண்மையைச் சொல்லிவிட்டான். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "வேர் சிவந்திருக்கிறது, மேல்பூச்சு மட்டும் ஏன் வெள்ளையாகவே இருக்கிறது?" என்றாராம்.

"தோலில் இருக்கிற நார் வேரிலும் இருக்கிறது, சார். மேல்பூச்சில் இல்லை. பட்டைச்சாறு அந்த நாரைத்தான் பிடிக்கும்."

பாஸ்! பற்களை அவரே வைத்துக்கொண்டாராம்.

தேவராஜ் இப்போது வேலூரில் வைத்தியம் பார்க்கிறான். போன மாதம் என் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கி, காகிதத்தில் மடித்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி என் மனைவியிடம் கொடுத்தான்.

"பத்திரம்மா. நைனா ஊற வெச்சிடப் போறாரு."

பதில் சொல்லலாமென்றால், வாய் நிறையப் பஞ்சு.