சாபம் பிடித்த புத்தகமும் கறுப்புக் குடைக்காரரும்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு புத்தக பைண்டர் இருந்தாராம். ஆனால் அவர் வீட்டில் ஆண்கள் இரண்டு பேர். ஒருவர் இவர். இன்னொருவர் புத்தகத்துக்குள் இருந்தார்.

கறுப்புக் குடையோடு வந்து கொலைகாரனைப் பிடிக்கும் துப்பறிவாளர் அவர். பைண்டரின் மனைவி பாதி நாள் அவரோடுதான் குடித்தனம். சாவி தொலைந்தால், "குடைக்காரரா இருந்தா இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பார்." குழாய் ஒழுகினாலும் குடைக்காரர்தான். பைண்டருக்கு வயிறு பற்றி எரியும்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த ஆளிடம்? தான் வேலை பார்க்கும் நூலகத்திலேயே ஒரு புத்தகத்தை எடுத்து, ரகசியமாகப் படித்துப் பார்த்தார். பழைய மாளிகை. கடிகாரம் பதின்மூன்று அடித்தால் ஒருவர் சாவார். சாபம் என்று ஊரே நடுங்க, குடைக்காரர் மட்டும் விளக்கிலிருந்த விஷத்தை மோந்தே கண்டுபிடித்துவிடுகிறார்.

ஒரு மாதம் கழித்து அதே புத்தகம் தையல் பிரிந்து பைண்டர் மேஜைக்கே வந்தது. பொறி தட்டியது. மனைவி சகுனம் பார்ப்பவள். கண் துடித்தால் அடுப்புகூடப் பற்றவைக்கமாட்டாள். பைண்டர் புத்தகத்தைத் தைத்தார், புது அட்டை போட்டார். தொழில் சுத்தம் விடுமா? எடுத்தவர்கள் பெயரெழுதும் பழைய சீட்டைக்கூட, கோணாமல் கடைசிப் பக்கத்தில் திரும்ப ஒட்டினார். வீட்டுக்குக் கொண்டுவந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"இதை மட்டும் தொடாதே. கடைசியா படிச்ச மூணு பேரும் செத்துட்டாங்க."

"ஐயையோ! எப்படி?"

"ஒருத்தர் ஏணியிலேர்ந்து விழுந்து. ஒருத்தர் கிணத்துல. ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே."

"கொலைக் கதையில என்னங்க சிரிப்பு?"

"அதான் சாபம்ங்கறது!"

அவள் நடுங்கிக்கொண்டே கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். விரல் சீட்டின் மேல் ஓடியது.

"டீச்சரம்மா. காலையில பஸ்ஸுக்கு ஓடிட்டிருந்தாங்களே!"

"அது... வேற டீச்சரா இருக்கும்."

"தையல்காரர். ரெண்டு வாரமா என் துணியைத் தொடவே இல்லை. அவரை நான்தான் கொல்லணும்." விரல் நின்றது. "மூணாவது பேரு உங்க பேரு. உங்க கையெழுத்து."

பைண்டர் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"நீங்க கிணறா, சிரிப்பா?"

"ஏணி," என்றார் பைண்டர், ஈனஸ்வரத்தில்.

"பொறாமையா?"

"காகிதத்துல இருக்கறவன் மேலயா? எனக்கா?"

"சரி, செத்தவருக்குச் சாப்பாடு எதுக்கு? உயிரோட இருந்தா போய்க் காய் வாங்கிட்டு வாங்க. நான் ரெண்டு அத்தியாயம் முடிச்சிடறேன்."

வெளியே தூறல். பைண்டர் பையை எடுத்தார், மூலையிலிருந்த கறுப்புக் குடையை விரித்தார், படியிறங்கினார்.

"என்னங்க!"

குரலில் ஒரு குழைவு. இத்தனை வருஷத்தில் கேட்காத குழைவு. பைண்டரின் மார்பு விரிந்தது.

"அப்படியே அவர் மாதிரியே இருக்கீங்க!"

பைண்டர் முகத்தைத் திருப்பப் போனார்.

"திரும்பாதீங்க, முகம் தெரிஞ்சா கெட்டுடும்!"

பைண்டர் திரும்பாமலே நடந்துபோனார்.