நூல் கட்டிய குஞ்சுகள்

காலில் சிவப்பு நூல் கட்டிய ஆறு வாத்துக்குஞ்சுகளும் மருந்துக் கிண்ணத்தைப் பார்த்தன. பிறகு ரிஜெக்ட் சாரைப் பார்த்தன. பிறகு சொல்லி வைத்தாற்போல் முதுகைத் திருப்பிக்கொண்டன.

"சாப்பிடுங்கடா. உங்க நல்லதுக்குத்தான சொல்றேன்," என்றார் அவர், குளியலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி.

ஒரு குஞ்சு மட்டும் திரும்பி வந்து, கிண்ணத்துக்குள் எச்சமிட்டுவிட்டுப் போயிற்று.

மனைவி கிளம்பிப் போய் முழுசாக நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்த லட்சணம்.

ரிஜெக்ட் சார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் மேசையில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்ததற்குக் கிடைத்த பட்டம். கோணல் தையல், ஆடும் பொத்தான், ஒரு பக்கம் ஏறிய காலர், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பழுது தெரிந்ததும் பொத்தான் துளையில் சிவப்பு நூலைக் கோத்து, சட்டையை இடதுபக்கக் கூடையில் எறிவார். ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. இன்றைக்கும் கடைத்தெருவில் யாராவது சிவப்பு நூல் தொங்கப் போனால் அவரது இடது கை தானாக நீளும்.

மனைவி நர்ஸ். இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் பாக்கி. சொட்டு மருந்து முகாமுக்காக ஐந்து நாள் மலைப்பக்கம் போயிருக்கிறார். செல்போன் எடுக்காத ஊர். காலையில் ஜீப் வாசலில் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, ஒரு காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டேதான் எல்லாவற்றையும் சொன்னார்.

"பன்னெண்டுல ஆறுக்குக் கால் தள்ளாடுது. மருந்துப்பொடி மேசைமேல இருக்கு. தீவனத்துல பிசைஞ்சு காலையிலயும் சாயந்தரமும் குடுங்க. எல்லாம் ஒரே மஞ்சளா இருக்குன்னு நீங்க குழம்பக் கூடாது. அதுக்குத்தான் சிவப்பு நூல் கட்டியிருக்கேன்."

"நூலைப் பாத்தா எனக்கா குழம்பும்? என் பொழப்பே அதுதானே," என்றார் இவர், சற்றுக் கர்வமாகவே.

முகாமில் சொட்டு மருந்து போட்ட பிள்ளைகளின் மணிக்கட்டில் கட்டுகிற கம்பளி நூலில் மிச்சம் அது. முந்தின நாள் ஜீப் டிரைவர் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, மனைவி கட்டியிருந்தார். ஜீப் நகரும்போது தலையை வெளியே நீட்டி, "இதுங்களையாவது உயிரோட திருப்பிக் குடுங்க," என்றார்.

அந்த "யாவது" சும்மா வந்ததில்லை. தொட்டி மீன்கள் இவர் பொறுப்பில் இருந்தபோது மிதந்தன. தண்ணீரே ஊற்றாவிட்டாலும் வளரும் என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த ஜன்னல் செடி, இவர் தண்ணீர் ஊற்றியதும் செத்தது. பக்கத்து வீட்டார் நம்பி விட்டுப்போன கிளி மட்டும் புத்திசாலி. இரண்டாம் நாளே பறந்துவிட்டது.

விஷயம் வாத்தோடு நின்றால் பரவாயில்லை. மகள் அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறாள். எட்டு மாதப் பேத்தியைப் பகலில் தாத்தாவிடம் விடுவதா, காப்பகத்தில் விடுவதா என்று வீட்டில் ஒரு பெரிய பேச்சு நடந்து, மனைவி தீர்ப்புச் சொல்லியிருந்தார்: முதலில் வாத்துக்குஞ்சு, அப்புறம் பேத்தி. பேத்தி இவரது சுண்டுவிரலைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள். அந்தப் பிடிக்காகவே அவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து நகத்தை ஒட்ட வெட்டிவருகிறார்.

அதனால்தான் ஜீப் தெருமுனை திரும்பியதும் வேலையில் இறங்கினார். நூல் கட்டிய ஆறையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் குளியலறைக்குக் கொண்டுவந்தார். பழுது ஒரு கூடை, நல்லது ஒரு கூடை. தாய் வாத்து வாசல்வரை துரத்திவந்து அவரது கெண்டைக்காலைக் கவ்வி இழுத்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. பெட்டிக்குள் ஆறும் வீடு இடிகிற மாதிரி கத்தின.

"எவ்வளவு வலிச்சா இப்படிக் கத்தும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மருந்துத் தீவனத்தை அதுங்கள் சீந்தவில்லை. பிசைந்ததைத் தூரப்போட மனசு வராமல் கொல்லையில் இருந்த மற்ற ஆறுக்கும் கொட்டினார். அதுங்கள் விழுந்தடித்து ஓடிவந்து, ஒன்றின்மேல் ஒன்று உருண்டு, மல்லாந்து, எழுந்து, மறுபடி சரிந்து, கிண்ணத்தை வழித்துத் தின்றன. ஆரோக்கியம் என்றால் இதுதான் என்று நினைத்தார். நிற்கக்கூட நேரமில்லாத விளையாட்டு.

அதன்பின் அதுவே வழக்கமாகிவிட்டது. காலையும் மாலையும் பிசைவார். உள்ளே ஆறும் முகம் திருப்பும். வெளியே ஆறும் வழித்துத் தின்னும்.

இரண்டாம் நாள் மகள் வீடியோவில் கூப்பிட்டாள்.

"அப்பா, பரீட்சை எப்படிப் போகுது?"

"நூத்துக்கு நூறு."

"எங்க, காட்டுங்க."

குளியலறைப் பக்கம் போகாமல் நேராகக் கொல்லைக்குப் போய்க் காட்டினார்.

"என்னப்பா, விழுந்து விழுந்து எழுந்திரிக்குதுங்க?"

"விளையாடுதும்மா. உன் பொண்ணு பண்ணாத சேட்டையா?"

பேத்தி திரையை நக்கினாள்.

அன்று பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். ரொட்டி விஷயத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று அவரே ஒத்துக்கொள்வார். ஆனால் எல்லா விஷயமும் ரொட்டி விஷயம்தான் என்பது அவர் கட்சி.

"சூடு பத்தலை சார். மாவே சூடு இல்லாம எழும்பாது. இது உயிரு, எப்படி எழும்பும்?"

நியாயமாகப் பட்டது. பெரிய பல்பு ஒன்றை வாங்கிவந்து பெட்டிக்குமேல் தொங்கவிட்டார். போதாது என்று தோன்ற, இன்னொன்று. காற்று புகாமல் போர்வையும் போர்த்தினார். அரை மணி கழித்துத் திறந்தால் ஆறும் மூலைக்கொன்றாக ஒதுங்கி, அலகைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கின. முகத்தில் அனல் அடித்தது.

"மூச்சு முட்டுதே. காலுக்கு வந்தது நெஞ்சுக்கு ஏறிடுச்சே," என்றார்.

பேக்கரிக்காரர் குனிந்து பார்த்தார். "நல்லாத்தான் எழும்பியிருக்கு," என்று சொல்லிவிட்டு, அடுப்பில் எதையோ விட்டுவிட்டு வந்த ஞாபகம் வந்தவராக வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் ரிஜெக்ட் சார் மருந்துக்கடைக்கு ஓடினார்.

"உடம்புல தண்ணி வத்திப்போச்சு. ஏதாவது குடுங்க."

"யாருக்கு?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"வீட்டுல சின்னதுங்களுக்கு. ஆறு பேரு."

"ஆறா? வயசு?"

"இன்னியோட பன்னெண்டு நாள்."

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறுக்குமா?"

"ஆமா. ஒரே நாள்லதான் ஓட்டை உடைச்சுக்கிட்டு வந்துச்சு."

கடைக்காரர் மூச்சை விட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு பொட்டலம் உப்புச் சர்க்கரைப் பொடியை எடுத்து வைத்தார். "ஒரு லிட்டர் தண்ணியில ஒரு பொட்டலம். இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

ஒரு பொட்டலத்துக்கே கேட்கும் என்றால் மூன்று பொட்டலம் இன்னும் சீக்கிரம் கேட்கும் என்று கணக்குப் போட்டார் ரிஜெக்ட் சார். ஒவ்வொன்றாக மடியில் வைத்து, காதுமருந்துப் புட்டியின் சொட்டியால் ஊற்றினார். பாதி வாய்க்குள் போனது, பாதி மூக்கில் ஏறியது. ஆறும் தும்மின. சாயங்காலத்துக்குள் ஆறுக்கும் வயிறு கழிந்தது. குளியலறையில் கால் வைக்க இடமில்லை. அவர் குளித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இனி எங்கே குளிப்பது என்றும் தெரியவில்லை.

நான்காம் நாள் காலை, அழுக்குப் போகட்டும், சூடும் தணியட்டும் என்று வாளியில் நீர் நிறைத்து ஆறையும் இறக்கினார். அப்பாடா என்று அதுங்கள் உயிர் பெற்றன. முங்கின, நீந்தின, இறக்கையே முளைக்காத தோளை அடித்துக்கொண்டன. அவர் சிரித்தார். ஐந்து நாளில் அவர் சிரித்தது அந்த ஐந்து நிமிஷம்தான். ஆறாவது நிமிஷம் ஆறும் தெப்பமாக நனைந்து, பஞ்செல்லாம் ஒட்டிப்போய், கட்டைவிரல் பருமனுக்குச் சுருங்கி நடுங்கின. மனைவியின் ஹேர் டிரையரை எடுத்து ஊதினார். சத்தத்தில் ஒன்று கண் சொருகி மயங்கியது. மற்ற ஐந்தும் அதைப் பார்த்து, இனி எதற்கும் எதிர்ப்பில்லை என்பது மாதிரி கழுத்தை நீட்டித் தரையில் படுத்துவிட்டன.

அதன்பின் எழுந்திருக்கவேயில்லை. கையில் எடுத்தால் துணி மாதிரி தொங்கின. உயிர் இருந்தது. அவ்வளவுதான்.

ரிஜெக்ட் சார் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து அழுதார். வெட்கப்படவில்லை, பார்க்க யாரும் இல்லை. முப்பத்தொரு வருஷம் ஊரார் சட்டையில் குற்றம் கண்டுபிடித்தவனுக்கு, ஒரு குஞ்சை நிறுத்தி வைக்கத் தெரியவில்லை. மனைவி திட்டமாட்டாள். அதுதான் பயம். மகளுக்குப் போன் போட்டு, "காப்பகத்துக்கே சொல்லிடும்மா," என்று மெதுவாகச் சொல்லுவாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி நடிக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் காலை கொல்லைக் கதவைத் திறந்தார். நூல் இல்லாத ஆறும் சுவரோரம் அணிவகுத்து ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடத் தடுமாறவில்லை. கவனிக்க ஆளில்லாமல் கிடந்த ஆறு, கொழுகொழுவென்று, பளபளவென்று. அவருக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

மனைவிக்குத் தெரிந்த அடையாளம் நூல் ஒன்றுதான். எல்லாம் ஒரே மஞ்சள் என்று அவளே சொன்னாள். நூல் கட்டியவை ஓடினால் மருந்து வேலை செய்தது என்று அர்த்தம். நூல் இல்லாதவை படுத்திருந்தால், அது அப்புறம் வந்த நோய், இவர் என்ன செய்வார்.

பழுதுச் சட்டையில் கட்டிய நூலை அவர் ஆயுளில் ஒருமுறைகூட அவிழ்த்ததில்லை. முதலாளியே நின்று, "இந்த ஒரு தடவை விட்டுடுங்க," என்று கெஞ்சியபோதும் அவிழ்த்ததில்லை. இன்று பெட்டிமுன் மண்டியிட்டு, மீசைக் கத்தரிக்கோலின் நுனியால் ஆறு முடிச்சையும் அவிழ்த்தார். கொல்லைக்குப் போய், தாய் வாத்திடம் இரண்டு கடி வாங்கிக்கொண்டு, ஓடுகிற ஆறையும் பிடித்து ஒவ்வொன்றின் காலிலும் கட்டினார். பெட்டியில் இருந்தவற்றைக் கொண்டுவந்து நிழலில் கிடத்தினார். குளியலறையை மூன்று முறை கழுவினார். பல்புகளைப் பரணில் ஒளித்தார். குளித்து, தலைவாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

ஜீப் மதியம் வந்தது.

"என்னங்க, பாதியா இளைச்சிட்டீங்க," என்றார் மனைவி இறங்கியபடியே.

"அலைச்சல்," என்றார் இவர் பணிவாக. "வா, முதல்ல கொல்லையப் பாரு."

மனைவி முன்னால் போனார். மூட்டையை இறக்கிவைத்த டிரைவரும் பின்னால் வந்தார். நூல் கட்டிய ஆறும் தாய்க்குப் பின்னால் விறுவிறுவென்று வரிசையாகப் போயின. நூல் இல்லாத ஆறும் நிழலில் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தன.

"நூல் கட்டினதெல்லாம் எப்படி ஓடுது பாத்தியா?" என்றார் ரிஜெக்ட் சார். "அஞ்சு நாள். கண் மூடலை."

"அது ஓடும். அதுங்களுக்கு என்ன?" என்றார் மனைவி.

அவர் பார்வை நிழலில் கிடந்த ஆறின்மேல் இருந்தது. குனிந்து ஒன்றைத் தூக்கினார். அது அவர் விரலிடுக்கில் துவண்டது. அதை அப்படியே தரையில் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, மகளின் எண்ணைத் தேட ஆரம்பித்தார். முகத்தில் கோபம் இல்லை. அதைப் பார்த்ததும் ரிஜெக்ட் சாருக்குக் கால் தள்ளாடியது.

டிரைவர் இந்தப் பக்கம் ஆறை எண்ணினார், அந்தப் பக்கம் ஆறை எண்ணினார், பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"மருந்து முடிஞ்சு தேறிடுச்சுன்னு நாம நூல் கட்டிவிட்ட ஆறும் அப்படியே ஓடுது, மருந்து குடுக்கச் சொல்லிட்டுப் போன ஆறும் அப்படியே படுத்திருக்கு… சார் இந்த அஞ்சு நாளா வீட்டுலயே இல்லையா சிஸ்டர்?"