நிலுவை இல்லாத நாடகம்

நிர்வாகப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். எங்கேயாவது ஒரு காரியம் முடிவெடுக்கப்படாமல் கிடக்கிறது என்று தெரிந்தால் போதும், கை நமநமக்கும். ஓய்வு பெற்றால் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. அந்த வியாதி முற்றி, ஒரு மனிதர் நான்கு வருடமாகச் சொல்ல நினைத்த நான்கு வரிகளை நான் நாசமாக்கிய கதையை இப்போது ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் குழுவில் ஆறு பேர். செங்கல்பட்டில் நான். நாவலூரில் மென்பொருள் வேலை பார்க்கும் பிரியா. சதுரங்கப்பட்டினத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் தேசிங்கு. மற்ற மூவரும் ஆளுக்கொரு ஊர். ஆறு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்ததே கிடையாது. ஆனாலும் இணையத்தில் ஒரே ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆளாளுக்கு எழுதி, நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன ஒரு படகைப் பற்றி ஒலி நாடகம் தயாரித்துவிட்டோம். (தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, கூட்டக் குறிப்பு இல்லை. எப்படி முடித்தோம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.) யார் வேண்டுமானாலும் அடுத்தவர் எழுதியதில் திருத்தம் சொல்லலாம். அது வேறு நிறத்தில் காத்திருக்கும். யாராவது ஏற்றால்தான் நாடகத்துக்குள் போகும்.

தேசிங்கு தட்டச்சு செய்ய மாட்டார். அவர் பேசுவார், கைபேசி எழுதிக்கொள்ளும். நின்றுபோன படகிலிருந்து ஓர் அப்பா தன் மகளிடம் பேசும் காட்சி அவருடையது. அது கற்பனை இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு மஸ்கட் போய்விட்ட மகள் கலாவோடு அவர் பேசி நான்கு வருடம் ஆகியிருந்தது. ஞாயிறு மாலை நேரலையில் வாசிக்கப்போகிறோம், நீயும் கேள் என்று பிரியா கலாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். ‘பார்க்கலாம்’ என்று ஒரே வார்த்தையில் பதில்.

“நேரா பேசுனா சண்ட வந்துரும் சார். நாடகத்துல பேசுனா குறுக்க பேச முடியாது பாரு,” என்றார் தேசிங்கு. “எனக்குப் படிக்கசொல்ல கொஞ்சம் தடுமாறும். நீ பக்கத்துல வந்து குந்திக்க.”

கிளம்பினேன். பஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்போது ஆவணத்தைத் திறந்து பார்த்தால், ஏற்கப்படாத திருத்தங்கள் நாற்பத்தொன்று! அரங்கேற்றத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கையில் இத்தனை நிலுவை. கை நமநமத்தது. ஒவ்வொன்றாகப் படித்திருக்கலாம்தான். பஸ்ஸோ குலுங்கியது, மூக்குக் கண்ணாடியோ வீட்டில். மூலையில் ‘அனைத்தையும் ஏற்கவும்’ என்று ஒரு பொத்தான். இப்படி ஒன்றைப் பணிக்காலத்தில் கொடுத்திருந்தால் இயக்குநராகவே ஓய்வு பெற்றிருப்பேன். அழுத்தினேன். நிலுவை இல்லை. மீதி வழி முழுக்கத் தூங்கினேன்.

(அவற்றில் பாதி நானே போட்ட திருத்தங்கள். என் மனம் நோகக்கூடாதென்று குழு அவற்றை மறுக்காமல் அப்படியே விட்டுவைத்திருந்தது. இந்த நாகரிகம் எனக்கு அப்போது புரியவில்லை.)

ஐந்து மணி. தேசிங்கின் பட்டறை. பிரித்துப் போட்ட எஞ்சின் மேல் அவருடைய கைபேசியில் நேரலை, பக்கத்தில் என் கைபேசியில் வசனம். குரல் மட்டும்தான் போகும் என்று சொல்லியும் மனிதர் சலவைச் சட்டை போட்டு, தலை வாரியிருந்தார். கேட்பவர்கள் பட்டியலில் கலாவின் பெயர் வந்தது. அதைப் பார்த்ததும் கிரீஸே இல்லாத கையை இரண்டு முறை துடைத்துக்கொண்டார்.

அவர் முறை வந்தது.

“மகளே,” என்று ஆரம்பித்தார். “மேற்படி... மேற்படி தினத்தன்று நான் இல்லத்திலேயே இருந்தும் கதவைத் திறக்கத் தவறியமைக்கு... வருந்துகிறேன் என்பதைப் பணிவுடன்...” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இன்னா சார் இது?”

என் கைவண்ணம்தான். மேலே படியுங்கள் என்று சைகை காட்டினேன். அவரும் பணிவாக அடுத்த வரியை, அதே உருக்கத்தோடு, வாசித்தார்: “ஐயோ, சாரோட திருத்தத்தை யாரும் ஏத்துடாதீங்க. அப்பா மகளுக்கு மெமோ குடுக்கிற மாதிரி இருக்கு.”

யாரோ ஓரத்தில் போடாமல் வசனத்துக்கு நடுவிலேயே எழுதிவைத்த குறிப்பு. அதையும் நான் ஏற்றிருந்தேன். நேரலையில் சிரிப்புப் பொம்மைகள் மளமளவென்று ஏறின. பிரியாவின் குரல் பாய்ந்தது: “அங்கிள்! எல்லாத்தையும் அக்செப்ட் பண்ணது யாரு?”

“பெண்டிங் நிறைய இருந்துச்சும்மா. கிளியர் பண்ணிட்டேன்.”

கணீரென்று மஸ்கட் வரைக்கும் போனது என் குரல். அதே நேரத்தில் பட்டியலிலிருந்து கலாவின் பெயர் மறைந்தது. தேசிங்கும் பார்த்துவிட்டார். என் கைபேசியை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தார்.

“சார், நீ கொஞ்சம் வாய மூடிகினு குந்து,” என்றார். பிறகு எஞ்சினைப் பார்த்துக்கொண்டே பேசினார். “கலா, நீ கீறியா, பூட்டியான்னு தெர்ல. நீ போன அன்னிக்கு நான் வூட்லதான் இருந்தேன். நீ கதவத் தட்டிகினே இருந்த. எனக்குக் கேட்டுகினேதான் இருந்துச்சு. தொறக்கல. தப்பு என்னுது. இத்தயே நல்லா எய்தி வெச்சிருந்தேன். இந்த சாரு பேஜாரு பண்ணிட்டாரு.”

பொம்மைகள் நின்றுவிட்டன. நான் மூச்சு விடுவதற்கும் அனுமதி வேண்டுமோ என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிடம் கழித்து நேரலையில் ஒரு வரி ஏறியது. “நெட்டு கட்டாயி, நீ எம்பேர சொல்லசொல்ல வந்துருச்சு. கேட்டுட்டேன் நைனா. அந்த சார உட்டுடு, பாவம். முடிஞ்சதும் கூப்புடறேன், எடு.”

அதற்குப் பிறகு மற்றவர்களும் எழுதியதை மூடிவைத்துவிட்டுச் சொந்தமாகவே பேசி நாடகத்தை முடித்தார்கள். எழுதி வைத்திருந்ததைவிட நன்றாக இருந்தது. (இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது.)

இப்போது கலாவும் குழுவில் இருக்கிறாள். இரண்டாவது நாடகத்தில் பாதி அவள் கைவேலை. எனக்குப் படிக்க மட்டும் உரிமை, தொட முடியாது. முறைப்படி மேல்முறையீடு செய்திருக்கிறேன். பதில் நிலுவையில் உள்ளது.

என் வீட்டில், “மேற்படி காபி ஆறிக்கொண்டிருக்கிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்” என்று சொல்லாமல் என் மனைவி டம்ளரை வைப்பதில்லை. தேசிங்கு வீட்டிலும் அதே கூத்து. போன வாரம் கலா அனுப்பிய செய்தியை அவர் என்னிடம் காட்டினார்: ‘மேற்படி நைனா காலையில் நாஸ்தா துன்னாரா என்பதை உடனடியாகத் தெரிவிக்கவும்.’

“இதுக்கு இன்னா சார் பதில் போடறது?”

பார்வையில் காணும் கடிதத்தைக் குறிப்பிட்டு, முறையான வாசகம் ஒன்றைச் சொன்னேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கைபேசியை வாயருகே கொண்டுபோய், “துன்ட்டேன் கண்ணு,” என்றார்.